சூளையில் இருந்து வந்த குடும்பத்துக்கு மாரியில் என்ன வழி?

வாசகர் கேள்விகள்

தமிழ்நாட்டில் செங்கல் சூளைகளில் கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்களை மீட்டார்கள் என்று அடிக்கடி செய்தி படிக்கிறோம். அடுத்த நாள் அவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்? சிலர் திரும்பவும் அதே சூளைக்குப் போகிறார்களாமே, ஏன்?
(வாசகி, சாவகச்சேரி)

முதலில் வேண்டியது ஒரு தாள். அந்தப் பகுதியின் அரசு அதிகாரியான கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரித்துக் கொடுக்கும் விடுவிப்புச் சான்றிதழ். இந்தியாவின் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அவர்களுடைய கடன் அடியோடு இல்லாமல் போகிறது. அதன் பிறகும் முதலாளி அந்தக் கடனுக்குக் காசு வாங்கினால் மூன்று வருடம் வரை சிறை. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. ஆனாலும் சான்றிதழ் கையில் இல்லாத குடும்பத்தின் வாசலுக்கு, சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி வந்து பழைய கணக்கைக் கேட்பார். காட்ட ஒன்றும் இல்லாததால் அவர்களும் பயந்து கொடுப்பார்கள். குடும்பத் தலைவருக்கு மட்டும் ஒன்று எழுதி விடாமல், மனைவிக்கும் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவிக்க வேண்டும். உதவித்தொகை ஆளுக்கு ஆள் கணக்கு.

உடனடி உதவி 2016ஆம் ஆண்டுத் திட்டத்தில் இருபதாயிரம் இந்திய ரூபாய் வரை இருந்தது. பிறகு முப்பதாயிரம் வரை உயர்ந்தது. முழு மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம். இந்தப் பெரிய தொகை முதலாளி மீதான வழக்கின் முடிவோடு பிணைந்திருப்பதால் வருடக்கணக்கில் இழுபடும். சூளை ஒரு மாவட்டத்திலும் சொந்த ஊர் இன்னொரு மாவட்டத்திலும் இருந்தால் கோப்பு இரண்டுக்கும் நடுவில் கிடக்கும். வங்கிக் கணக்கும் சாதிச் சான்றிதழும் இல்லாதவர்களுக்கு இன்னும் தாமதம். இருளர், அரசின் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். ஆனால் அதற்கான சான்றிதழ் இல்லாத குடும்பங்கள் நிறைய.

திரும்பிப் போவதற்குக் காரணம் சோம்பலும் இல்லை, அறியாமையும் இல்லை. காரணம் மாரி. சூளை தையில் தொடங்கி ஆனி வரை ஓடும், மழையில் நிற்கும். கூலி வேலை எதுவும் இல்லாத ஐப்பசி, கார்த்திகையில்தான் மேஸ்திரி முன்பணத்தோடு வருவார். அந்தக் காசில் அரிசியும் மருந்தும் வாங்கி மழையைத் தாண்டியவர்கள் தையில் குடும்பத்தோடு சூளைக்கு ஏறுவார்கள். அங்கே கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. முதல் நாள் பின்னேரம் மண்ணைக் குழைத்து வைத்து, விடிய முன்னம் எழும்பி, புருசனும் பெண்சாதியுமாகக் கல் அறுப்பார்கள். இடையில் ஒரு மழை பெய்து பச்சைக்கல் கரைந்தால் அதற்குக் கூலி இல்லை. வாரச் செலவுக்குக் கொடுத்த காசும் கூலியில் கழியும். கொப்பி முதலாளியிடம், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. வெயில் காலத்தில் நடக்கும் மீட்பு, அடுத்த ஐப்பசிக்கு வழி செய்யாவிட்டால் அரைவாசி வேலைதான்.

கடனுக்குக் கட்டுண்டு ஒரு வேலைத்தலத்தில் இருந்து வெளியே வந்த குடும்பம் எங்கள் ஊரில் இருக்கிறது. சனசமூக நிலையத்தால் ஆடு வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம். எத்தனை வாங்கலாம்?
(வாசகர், உடுப்பிட்டி)

நாலு மறிகள், அதாவது பெட்டை ஆடுகள், போதும். கிடாய் வாங்க வேண்டாம், அயலில் இருக்கும் கிடாயைப் பாவிக்கலாம். ஆனால் ஆடு முதல் மாரிக்குக் காசு தராது என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். சித்திரையில் இரண்டு மாதச் சினை ஆடு வாங்கினால் ஆடியில் குட்டி போடும். குட்டி விற்கும் பருவத்துக்கு வர இன்னும் ஆறேழு மாதம், அதாவது தை, மாசி. இடையில் கார்த்திகையில் அடுப்பு எரியாவிட்டால் தாயாட்டையே விற்பார்கள். கொடுத்தவர்கள் கோபிப்பார்கள். பிழை அந்தக் குடும்பத்தில் இல்லை.

அதனால் ஆட்டுக் காசில் ஒரு பங்கை அரிசிக்கு ஒதுக்குங்கள். ஐந்து பேருக்கு நாளுக்கு இரண்டு கிலோ என்றால் மூன்று மாதத்துக்கு 180 கிலோ. புரட்டாதியில் வாங்கி, மூடியுள்ள பீப்பாயில் போட்டு, நிலத்தில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். அந்த அரிசி வீட்டில் இருக்கும் மட்டும் முற்பணம் கொண்டு வருகிறவருக்கு வேலை இல்லை. ஆவணியில் நாலு மாதப் பேட்டுக்கோழி பத்து கொடுத்தால் மாரியில் முட்டைக் காசும் கொஞ்சம் வரும்.

கொட்டில் முக்கியம். நாலு ஆட்டுக்கு ஆறடிக்கு எட்டடி. தளம் நிலத்தில் இருந்து மூன்றடி உயரத்தில், பனஞ்சலாகையால். சலாகைக்கு இடையில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் விடுங்கள்: அதைவிடக் கூடினால் குட்டியின் கால் மாட்டும், குறைந்தால் புழுக்கை கீழே விழாமல் தளம் ஈரமாகும், குளம்பு அழுகும். வாடைக்காற்று அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகால் இறுக்கமாக அடையுங்கள், குட்டிகள் சளி பிடித்துச் சாவது அந்தப் பக்கத்தால்தான். மழைக்கு முன் கால்நடை வைத்திய அலுவலகத்தில் பூச்சி மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒரு ஆட்டுக்கு நாளுக்கு மூன்று நாலு கிலோ பச்சை வேண்டும். காணி இல்லாத குடும்பம் எங்கே வெட்டும்? பூவரசு, கிளிசரியா வேலி வைத்திருக்கும் அயலவர்கள் குழை வெட்ட விடுவார்களா என்று ஆடு வாங்க முன்னம் கேளுங்கள். இப்பில் இப்பில் மரத்துக் குழை இருந்தால் மொத்தத் தீனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

முற்பணம் வாங்கியவரை, கடன் தீரும்வரை போக விடாமல் அடையாள அட்டையையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். இலங்கையில் இதற்குச் சட்டம் உண்டா?
(பெயர் வேண்டாம், வலிகாமம்)

உண்டு. 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டனைச் சட்டக்கோவையில் 358அ பிரிவு சேர்க்கப்பட்டது. கடன் பிணையில் ஒருவரை வேலைக்கு வைத்திருப்பது குற்றம். பொலிஸில் முறையிடலாம். பொலிஸ் எடுக்காவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும், வழக்குக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் போகலாம். சம்பள நிலுவைக்குத் தொழில் திணைக்களம்.

முறைப்பாட்டுக்கு முன்னம் கணக்குக் கொப்பியைத் தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி விடுங்கள். சேர்ந்த திகதி, வாங்கிய காசு, கழித்த காசு மூன்றையும் நினைவில் உள்ளபடி எழுதுங்கள். குடும்பம் முழுவதும் உள்ளே இருந்தால் ஒருவர் மட்டும் வெளியே வந்து முறையிட வேண்டாம், மிஞ்சியவர்கள்தான் அடி வாங்குவார்கள். எல்லாரும் ஒன்றாக வெளியேறும் ஏற்பாட்டைப் பொலிஸிடம் முதலே கேளுங்கள். அடையாள அட்டை திரும்பக் கிடைக்காவிட்டால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு கிராம அலுவலரிடம் போய்ப் புதியதற்கு விண்ணப்பியுங்கள். அந்த முறைப்பாட்டில் அட்டை தொலைந்தது என்று எழுத விடாதீர்கள். பறித்து வைத்திருக்கிறார்கள் என்றே எழுதுவியுங்கள்.