ஆர்வெல்லை இன்றைக்கும் ஏன் படிக்க வேண்டும்? செட்டிநாட்டிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: ‘ஜார்ஜ் ஆர்வெல் இறந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அவருடைய அரசியல் நாவல்களுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறதா? படித்தவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.’

இருக்கிறது. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தைவிட எனக்கு வேறொரு காரணம் பெரிதாகப் படுகிறது.

ஆர்வெல் என்றதும் பேச்சு நேராக ‘1984’ நாவலுக்குப் போய்விடும். அரசாங்கம் கண்காணிக்கிறது, திரை நம்மைப் பார்க்கிறது என்பார்கள். ஒரு கட்சிக்காரர் அதை எடுத்து இன்னொரு கட்சிமேல் வீசுவார், அவரும் அதையே திருப்பி வீசுவார். பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் என் அத்தை மகனுக்கு அது பழைய கதை. “அந்தத் திரைக்குத் தெரிந்ததைவிட என் போனுக்கு என்னைப் பற்றி அதிகம் தெரியும்” என்கிறான். காரைக்குடியில் எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்தவர், ஆர்வெல் பெயரை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பார், அதற்கு இரண்டு காரணம் சொல்வார். 1949இல், சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், கம்யூனிஸ்ட் சார்பு உள்ளவர்கள் என்று தான் கருதியவர்களின் பெயர்ப் பட்டியலை பிரிட்டிஷ் அரசின் பிரச்சாரப் பிரிவுக்கு ஆர்வெல் கொடுத்தார். ஸ்டாலின் ஆட்சியைக் கேலி செய்யும் அவருடைய ‘விலங்குப் பண்ணை’ நாவலை வைத்து 1954இல் வந்த கார்ட்டூன் படத்துக்குப் பின்னால் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் பணம் இருந்தது. இரண்டும் உண்மை. அந்தப் பட்டியலுக்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை, அது கறைதான். ஆனால் ஸ்டாலின்மேல் அவருக்கு இருந்த கோபம் காசுக்கு வந்த கோபம் இல்லை. ஸ்பெயினில் பாசிசத்தை எதிர்த்துச் சண்டை போட்டு, 1937இல் தொண்டையில் குண்டு வாங்கிய மனிதர் அவர். தன்னோடு நின்று போராடியவர்களையே துரோகிகள் என்று ஸ்டாலின் ஆதரவுப் பத்திரிகைகள் எழுதியதைக் கண்ணால் பார்த்தவர்.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் பர்மா.

எரிக் ஆர்தர் பிளேர் என்பது அவருடைய இயற்பெயர். 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தார். அப்பா அபினித் துறை அதிகாரி. அம்மா பர்மாவின் மோல்மேனில் வளர்ந்தவர். பிளேர் 1922இல் பர்மாவுக்குப் போலீஸ் அதிகாரியாகப் போய், ஐந்து வருஷம் இருந்தார். மியாங்மியா, துவாந்தே, சிரியம், இன்சின் என்று ஐராவதி டெல்டாவிலும் ரங்கூனைச் சுற்றியும் வேலை பார்த்துவிட்டு, மோல்மேனுக்கும் கடைசியில் வடக்கே கத்தாவுக்கும் போனார். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்த ஊர்ப் பெயர்கள் சிலவற்றை மதுரை, திருச்சி மாதிரி சொல்வார்கள். எங்கள் பாட்டையா அதே காலத்தில் அங்கே ஒரு செட்டியார் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகப் போய், மூன்று வருஷக் கணக்குக்கு ஒருமுறை ஊர் வந்து திரும்பியவர். எங்கள் வீட்டுப் பட்டாலைத் தூண் பர்மாத் தேக்கு.

ஆர்வெல்லின் முதல் நாவல் அந்த நாட்டைப் பற்றியது. ‘பர்மிய நாட்கள்’ 1934இல் நியூயார்க்கில்தான் முதலில் வந்தது. அவதூறு வழக்கு வந்துவிடும் என்று லண்டன் பதிப்பாளர் பயந்தார். கதாநாயகன் ஃப்ளோரி தேக்கு மரக் கம்பெனி ஆள். அவனுக்கு இருக்கும் ஒரே நல்ல நண்பர் வீராசாமி என்ற இந்திய டாக்டர். டாக்டர் வெள்ளைக்காரர் ஆட்சியைப் புகழ்வார், வெள்ளைக்காரனான ஃப்ளோரி அதைத் திட்டுவான். ஒரு பேச்சில், அதிகாரி பர்மியனை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறான், வியாபாரி அவன் பையைத் துழாவுகிறான் என்ற பொருளில் ஃப்ளோரி சொல்வான். இப்படியெல்லாம் பேசுகிறவன், டாக்டரை வெள்ளைக்காரர்களின் கிளப்பில் சேர்க்கக்கூடாது என்று வந்த தாளில் கையெழுத்துப் போடுகிறான். சண்டை வேண்டாம் என்ற ஒரே காரணம். நாவலின் உயிர் அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. தப்பு என்று தெரிந்தே அதில் பங்கெடுக்கிறவனை, அந்தப் பங்கில் சாப்பிட்ட ஒருவரே எழுதியிருக்கிறார்.

அந்த வியாபாரி யார்? ஃப்ளோரியின் கணக்கில் வெள்ளைக்காரக் கம்பெனிகள். என் கணக்கில் எங்கள் பாட்டையாவும் வருகிறார்.

எங்கள் பெட்டகத்தில் அவருடைய பேரேடு ஒன்று இருக்கிறது. மேலே சிவமயம், கீழே கடன் வாங்கிய பர்மியர்களின் பெயர்கள் தமிழ் எழுத்தில், பக்கத்தில் நிலத்தின் ஏக்கர், அசல், வட்டி. முன்பக்கங்களில் வட்டி வரவு ஒழுங்காக வருகிறது. பின்பக்கங்களில் வரவு நின்று, ‘நிலம் எழுதி வாங்கியது’ என்ற வரி வருகிறது, அடுத்த பெயருக்கு எதிரிலும் அதே வரி. 1930 வாக்கில் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937க்குள் அது கால்பங்கு ஆகிவிட்டது.

இதைச் சொன்னால் எங்கள் அப்பச்சிக்குக் கோபம் வரும். “நாம என்ன கொள்ளையடிக்கவா போனோம்? கொடுத்து வாங்கத்தானே போனோம்” என்பார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வெள்ளைக்கார வங்கிகள் குடியானவனுக்குக் கடன் கொடுக்காத காலத்தில், டெல்டாவில் காட்டைத் திருத்தி நெல் விளைய வைத்த பணத்தில் பெரும்பங்கு செட்டியார்கள் கொடுத்த கடன். நிலத்தை அவர்கள் ஆசைப்பட்டு வாங்கவும் இல்லை, பணமாகத் திரும்பி வருவதைத்தான் விரும்பினார்கள். அந்த நிலமும் சுதந்திர பர்மாவின் நில தேசியமயச் சட்டத்தில் கடைசியில் போய்விட்டது. ஆனாலும், நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நின்ற குடும்பம் அந்த வருஷம் என்ன சாப்பிட்டது என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

‘1984’ எனக்கு இங்கேதான் புரிந்தது. அதில் கதாநாயகன் வின்ஸ்டனின் அரசாங்க வேலை பழைய பத்திரிகைச் செய்திகளைத் திருத்துவது, ஒத்துவராததை எரிப்பது. அரசாங்கம்தான் இதைச் செய்யும் என்று படிக்கிறோம். குடும்பமும் செய்கிறது, சமூகமும் செய்கிறது. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்த கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். எத்தனை முறை கேட்டாலும் மனம் கனக்கும். அதற்கு முந்தின பத்து வருஷத்தைப் பற்றி ஒரு கதைகூட இல்லை. பேரேடு மட்டும் இல்லையென்றால் எனக்கும் தெரிந்திருக்காது.

ஆர்வெல்லிடம் குறை இல்லாமல் இல்லை. பர்மா நாவலில் பர்மியர்கள் முழு மனிதர்களாக வரவில்லை. யூ போ சின் என்ற உள்ளூர் அதிகாரி ஊதிப் பெருத்த வில்லன், பெண்கள் நிலைமை அதைவிட மோசம். கடனாளி விவசாயியின் மனசுக்குள் அவரால் போக முடியவில்லை. தன் மனசுக்குள் போனார், அதைக் கூசாமல் எழுதினார். தன் பக்கத்து ஆட்களைக் கேள்வி கேட்கும் எழுத்து எந்தக் கட்சியிலும் இன்றைக்கு அரிதாக இருப்பதால்தான் அவர் எனக்கு இவ்வளவு வேண்டியவராகிறார்.

புதிதாகப் படிக்கிறவர்கள் ‘1984’இல் தொடங்க வேண்டாம். யானையைச் சுட்டதைப் பற்றி 1936இல் எழுதிய கட்டுரையை முதலில் படியுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுடத் தேவையில்லை என்று தெரிந்தும், சுற்றி நிற்கும் கூட்டத்துக்காகச் சுடுகிற அதிகாரியின் கதை. அப்புறம் பர்மா நாவல், ஸ்பெயின் அனுபவங்கள், கடைசியில் ‘1984’. ‘விலங்குப் பண்ணை’யை எழுத்தாளர் க.நா.சு. தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கலாம். பர்மா போய் வந்த குடும்பமாக இருந்தால், பர்மா நாவலை வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே படித்துவிடுங்கள். பாதியில் மூடி வைத்துவிட்டு அவர்களிடம் கேட்க நிறைய இருக்கும்.