ஓடிபி வராமலே பணம் போகுமா? கிரெடிட் கார்டு கேள்வி பதில்

திருப்பூர்: அக்கா, நேற்று நள்ளிரவு ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் என் கார்டிலிருந்து 84 டாலர் எடுத்திருக்கிறார்கள். ஓடிபி வரவே இல்லை. நான் யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை. எப்படி?

ஓடிபி இங்கே இருக்கும் கட்டாயம். வெளிநாட்டுத் தளங்களுக்கு அது இல்லை. கார்டு எண், காலாவதி மாதம், சிவிவி (கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்க ரகசிய எண்) ஆகிய மூன்றும் கிடைத்தால் போதும். சிவிவிகூடக் கேட்காத தளங்களும் உண்டு.

முதலில் வங்கி ஆப்பில் கார்டை பிளாக் செய்யுங்கள். அடுத்து கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசி, "இது நான் செய்ததல்ல" என்று புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஏனென்றால் எந்த நேரத்தில் சொன்னீர்கள் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் பேசிப் பதியுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதி இப்படி: தவறு உங்கள் மீதும் இல்லை, வங்கி மீதும் இல்லை என்றால், எஸ்எம்எஸ் வந்த பிறகு 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது. 4 முதல் 7 வேலை நாள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட லிமிட்டுக்கு 25,000. போன தொகை இதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகை மட்டும். 7 நாளும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைதான். புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடித்துத் தர வேண்டும். உங்கள் தவறு என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். இன்றே பேசுங்கள்.

நாகர்கோவில்: மேடம், ரீஃபண்ட் வர ஓடிபி சொல்லச் சொல்கிறார்கள். சொல்லலாமா?

கூடாது. பணம் வர ஓடிபி தேவையே இல்லை, போகத்தான் தேவை. கார்டில் வாங்கியதன் ரீஃபண்ட் அதே கார்டுக்குத் தானாக வரும். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் எண்ணை மட்டும் பார்க்காமல் முழுக்கப் படியுங்கள். எவ்வளவு தொகை, எந்தக் கடை என்று அதிலேயே இருக்கும். நீங்களே சொன்ன ஓடிபியில் பணம் போனால், புகார் கொடுக்கும்வரை ஆன நஷ்டம் உங்களுடையது. மேலே சொன்ன பூஜ்ய நஷ்டம் இதற்குப் பொருந்தாது.

கோவை: ஷாப்பிங் தளத்தில் கார்டை சேவ் செய்து வைக்கலாமா?

இந்தியத் தளம் என்றால் தாராளமாக. 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் உங்கள் கார்டு எண்ணை வைத்திருக்கவே கூடாது. நீங்கள் சேவ் கொடுத்தால், எண்ணுக்குப் பதில் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க் தரும் டோக்கன் என்ற மாற்று எண்தான் அங்கே பதிவாகும். ஒரு கார்டுக்கு, ஒரு கடையில் மட்டும் செல்லுபடியாகும் டோக்கன் அது. கடையின் சர்வரையே திருடினாலும் அதை வேறெங்கும் பயன்படுத்த முடியாது. கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் மட்டும் அடையாளத்துக்கு இருக்கும்.

சேலம்: தப்பான வழி காட்டுகிறீர்கள் மேடம். எங்கேயும் சேவ் பண்ணாதே, ஒவ்வொரு தடவையும் அடி என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

டோக்கன் வருவதற்கு முன் அது சரியான அறிவுரை. இன்றைக்கு எண் திருடு போவது அதை அடிக்கிற இடத்தில்தான்: போலித் தளத்தில், உளவு ஆப் புகுந்த போனில், நெட் சென்டர் கம்ப்யூட்டரில். இன்னொன்றும் இருக்கிறது. வழக்கமாக வாங்கும் கடையில் சேவ் செய்த கார்டைக் காணோம், 16 இலக்கத்தையும் புதிதாகக் கேட்கிறது என்றால், அது போலித் தளமாக இருக்கலாம் என்று அங்கேயே உங்களுக்குத் தட்டும். தினமும் அடித்துப் பழகியவருக்கு அது தட்டாது.

சேலம்: என் ஷாப்பிங் அக்கவுண்டுக்குள்ளேயே ஒருத்தன் புகுந்துவிட்டால்? அப்போது உங்கள் டோக்கன் என்ன செய்யும்?

நியாயமான கேள்வி. அந்தக் கடையில் வாங்கப் பார்ப்பான், ஓடிபி உங்கள் போனுக்கு வரும். கேட்காமல் வந்த ஓடிபியைப் பார்த்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதனால்தான் கடை அக்கவுண்டுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வேண்டும். வெளிநாட்டுத் தளத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதே சரி. டோக்கன் விதி அவர்களைக் கட்டாது, அங்கே சேவ் செய்யாதீர்கள்.

மதுரை: நானும் சேலம் நண்பர் பக்கம்தான். குரோம் கூட சேவ் பண்ணவா என்று கேட்கிறதே?

அது வேறு. பிரவுசர் சாதாரணமாக உங்கள் முழு எண்ணையும் எடுத்துக் கடையின் கட்டத்தில் நிரப்பிக் கொடுக்கும், டோக்கனை அல்ல. பலர் கைபடும் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

தஞ்சாவூர்: பூட்டுப் படம் இருந்தால் நம்பலாமா?

இல்லை. பூட்டு சொல்வது ஒன்றுதான்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. தளத்தை நடத்துபவன் யார் என்று அது சொல்லாது, திருடனுக்கும் பூட்டு கிடைக்கும். குரோம் 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. முகவரியில் https:// என்பதை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முடியும் பெயரைப் பாருங்கள். பெரிய கடையின் பெயர் முன்னால் வந்து, கடைசியில் ".காம்" என்பதை ஒட்டி வேறு பெயர் இருந்தால், தளம் அந்த வேறு பெயருக்குச் சொந்தம்.

ஈரோடு: நோ காஸ்ட் இஎம்ஐ லாபமா?

அது வட்டிக் கணக்கு, என் துறை அல்ல. ஆர்டரை உறுதி செய்வதற்கு முன் வட்டி, கட்டணம், ஜிஎஸ்டி எவ்வளவு என்று படித்துப் பாருங்கள்.

விழுப்புரம்: இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்துப் புடவை வாங்கினேன், கார்டில் 2,300 ரூபாய். ஒரு மாதமாக வரவில்லை. மூன்று நாள் விதி எனக்கும் உண்டா?

இல்லை. பணம் கட்டியது நீங்கள்தான், எனவே இது திருட்டுப் புகாரில் வராது. இதற்கு வழி சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது. விற்றவருக்கு மின்னஞ்சலில் எழுதி ஒரு வாரம் கெடு கொடுங்கள். ஆர்டர் பக்கம், தருவதாகச் சொன்ன தேதி, உங்கள் கடிதம் மூன்றையும் படமெடுத்து, "பொருள் வந்து சேரவில்லை" என்று வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள். விசா, மாஸ்டர்கார்டில் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு, ஆனால் வங்கிகள் முன்கூட்டியே கேட்கும், தள்ளிப்போடாதீர்கள். கூடவே 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். கார்டை மறுத்து, சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணச் சொல்லும் கடையை விட்டு விலகுங்கள். அங்கே சார்ஜ்பேக் கிடையாது.

கடலூர்: பார்சல் முகவரி சரியில்லை, 5 ரூபாய் கட்டு என்று லிங்க் வந்தது. ஓடிபியும் வந்தது. போடலாமா?

நாகர்கோவிலுக்கு எழுதியதைப் படியுங்கள். அந்த எஸ்எம்எஸ்ஸில் தொகை 5 தானா?

கடலூர்: இல்லை, 49,999.

போடாதீர்கள். அந்தப் பக்கத்தில் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டீர்கள், அதனால் உடனே பிளாக் செய்து புதுக் கார்டு கேளுங்கள்.

திண்டுக்கல்: கஸ்டமர் கேரில் ஓடிபி கேட்கிறார்கள், கொடுக்கலாமா? நம்பர் கூகுளில் எடுத்தது.

கூடாது. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், யார் கேட்டாலும் கூடாது. தேடி எடுத்த எண்ணுக்குப் பேசவும் வேண்டாம். கார்டின் பின்னால் உள்ள எண், கடையின் சொந்த ஆப், இரண்டு மட்டும்தான். எனிடெஸ்க் (உங்கள் போனை இன்னொருவர் தூரத்திலிருந்து இயக்கவிடும் ஆப்) போடச் சொன்னாலோ வாட்ஸ்அப்பில் ஏபிகே (ஆப்பை நிறுவும் ஃபைல்) அனுப்பினாலோ போனை வையுங்கள்.

திருப்பூர்: அக்கா, பிளாக் பண்ணிவிட்டேன், புகார் எண்ணும் வந்துவிட்டது. ஆனால் இந்த மாத பில்லில் அந்த 84 டாலர் வந்தால் கட்ட வேண்டுமா?

மோசடி என்று நீங்கள் புகார் செய்த தொகைக்கு, அது முடியும்வரை வட்டியோ அபராதமோ போடக் கூடாது. மீதி பில்லைக் கெடு தேதிக்குள் முழுக்கக் கட்டிவிடுங்கள். புதுக் கார்டு வந்ததும் ஆப்பில் சர்வதேசப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள். ஆன்லைன் லிமிட்டை மாதம் வாங்கும் அளவுக்கு இறக்குங்கள். வெளிநாட்டில் ஏதாவது வாங்கும்போது திறந்து, வாங்கியதும் மூடுங்கள். 30 நாளில் வங்கி பதில் தரவில்லை என்றாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். மின்னஞ்சலும் அனுப்பினீர்களா? அதை நீங்கள் சொல்லவில்லையே.