மார்பகப் புற்றுநோய்க்கு டாக்டர்கள் இருக்கும்போது தனியாக ஒரு நர்ஸ் எதற்கு?

உங்கள் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று போன வாரம் உறுதியாகியிருக்கிறது. சர்ஜனைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது ‘பிரெஸ்ட் கேர் நர்ஸ்’ ஒருவரின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். சர்ஜனும் புற்றுநோய் டாக்டரும் இருக்கும்போது இவர் எதற்கு, சின்ன விஷயத்துக்கெல்லாம் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூப்பிடுங்கள். இன்றைக்கே கூப்பிடுங்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் உங்கள் மனைவி இருக்கும் இடத்தில் நான் இருந்தேன். அப்போது எனக்கு வயது 36. என் உயிரைக் காப்பாற்றியது ஆபரேஷனும் மருந்தும்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வைத்தியத்தை நடுவில் விட்டுவிடாமல் நான் தொடர்ந்ததற்குக் காரணம் இப்படிப்பட்ட ஒரு நர்ஸ், என் சிஸ்டர். எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நான் முதலில் காட்டிய மருத்துவமனையில் இப்படி ஒருவர் இல்லை. பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கவுண்டரில் கொடுத்தார்கள். டாக்டர் மறுநாள்தான் வருவார். மாடிப்படியில் நின்றுகொண்டே பிரித்துப் படித்தேன். கார்சினோமா, அதாவது புற்றுநோய், என்ற ஒரே ஒரு சொல்தான் புரிந்தது. மறுநாள் காலை வரைக்கும் அந்த ஒரு சொல்லோடு இருந்தேன்.

அப்புறம் மார்பக நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கும் இடத்துக்கு மாறினோம். அங்கே சர்ஜன் 20 நிமிஷம் பொறுமையாகத்தான் பேசினார். எனக்குத்தான் ஒன்றும் காதில் ஏறவில்லை. அறை ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் எங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். “டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு, சொல்லுங்க” என்றார். கீமோ வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக நான் சொன்னேன். ஆறு கீமோ என்று என் கணவர் சொன்னார். இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரே பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவர்கள்.

சிஸ்டர் உடனே திருத்தவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மார்பை வரைந்தார். உள்ளே பால் நாளங்கள், ஒரு நாளத்தில் கட்டி, அக்குளில் சின்னச் சின்ன வட்டங்களாக நிணநீர்க் கணுக்கள். கணுக்களை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் கீமோவைப் பற்றி முடிவு, தேவைப்பட்டால் ஆறு தடவை, அதைத்தான் டாக்டர் சொன்னார் என்றார். அதே தாளில் ரிப்போர்ட்டில் இருந்த எழுத்துகளையும் விளக்கினார். ஈஆர், பிஆர் (கட்டியில் இருக்கும் ஹார்மோன் ஏற்பிகள்) பாசிட்டிவ் என்றால் உடம்பில் ஊறும் ஹார்மோன்தான் இந்தக் கட்டிக்குத் தீனி. அதைத் தடுக்கும் மாத்திரை பின்னால் வரும். ஹெர்-2 (சில கட்டிகளில் அதிகமாக இருக்கும் ஒரு புரதம்) நெகட்டிவ் என்பதால், அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி எனக்கு வேண்டியதில்லை. அந்தத் தாள் இன்னும் என் ஃபைலில் முதல் பக்கமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்டார்: “இன்னொரு குழந்தை வேணும்னு மனசுல இருக்கா?” அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை, சாகாமல் இருந்தால் போதும் என்ற நிலை. சில கீமோ மருந்துகள் சினைப்பையைப் பாதிக்கும். கருமுட்டையை எடுத்து உறைய வைப்பதென்றால் கீமோ தொடங்குவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டும். எங்களுக்கு ஒரு மகள் போதும் என்று முடிவு செய்தோம். ஆனால் யோசித்து முடிவு செய்ய எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. உங்கள் மனைவி இளவயதுக்காரர் என்றால், நாளைக்கு நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இந்த வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் நர்ஸிங் முடித்து, அதற்கு மேல் மார்பகப் புற்றுநோய்க்கென்று தனிப் பயிற்சி எடுத்தவர்கள். சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், ஸ்கேன் பார்ப்பவர், திசுப் பரிசோதகர் எல்லோரும் கூடி ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசும் கூட்டத்தில் இவர்களும் உட்காருவார்கள். வைத்தியம் நகர நகர டாக்டர்கள் மாறுவார்கள். இவர் மாற மாட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு என்னை வீட்டுக்கு அனுப்பியபோது, அக்குள் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாயும் அதன் முனையில் ஒரு பாட்டிலும் தொங்கின. காயத்துக்குள் ஊறும் நீர் அதில் வடியும். நான் கிளம்புவதற்கு முன், குழாயை வழித்துவிடுவதை சிஸ்டர் என் கையாலேயே செய்ய வைத்தார். ஒரு கையால் குழாயை உடம்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கை விரல்களால் மேலிருந்து கீழாக வழித்துவிட வேண்டும். அப்போதுதான் உறைந்த இரத்தத் துணுக்கு அடைக்காது. தினமும் ஒரே நேரத்தில் பாட்டிலின் அளவைப் பார்த்து எழுத வேண்டும். முதல் நாள் 140 மில்லி, சிவப்பு. ஐந்தாம் நாள் 70, வைக்கோல் நிறம். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார் (இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்). தினமும் மாலையில் அவரே ஃபோன் செய்து எத்தனை என்று கேட்பார். எட்டாம் நாள் திடீரென்று வடிவது நின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். “தையல் பக்கம் கை வச்சுப் பாருங்க, தண்ணிப் பை மாதிரி தளும்புதா?” என்றார். தளும்பியது. குழாய் அடைத்துக்கொண்டு உள்ளேயே நீர் தேங்கியிருந்தது. மறுநாள் போய்ச் சரிசெய்தோம்.

இதே மாதிரி ஃபோனிலேயே இன்னொன்றையும் கண்டுபிடித்தார். நான்காவது வாரம் கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை. வலிக்குப் பயந்து தூக்குவதையே விட்டிருந்தேன். “அக்குள்ல இருந்து முழங்கை வரைக்கும் கயிறு கட்டின மாதிரி இழுக்குதா?” என்று கேட்டார். அதே சொல்லைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். கணுக்களை எடுத்தவர்களில் பலருக்கு இப்படி வருமாம், நரம்பு அறுந்துவிட்டது என்று நான் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. பயிற்சியை நிறுத்தியதுதான் தப்பு என்று சொல்லி, அன்றைக்கே பிசியோதெரபிக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார்.

தழும்பைப் பார்த்ததைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் இது உங்கள் வீட்டிலும் வரும். எனக்கு இடது மார்பை முழுதாக எடுத்தார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது தடவை சிஸ்டர் கவனித்துவிட்டார். திரையை இழுத்து மூடினார், என் கணவரை வெளியே இருக்கச் சொன்னார். “இன்னிக்கே பாக்கணும்னு இல்லைங்க. ஆனா முதல் தடவை பாக்கும்போது தனியா பாக்காதீங்க” என்றார். அதற்கடுத்த வாரம் நானே கேட்டேன். ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். முதலில் கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார், அப்புறம்தான் கண்ணாடி. குறுக்கே ஒரு கோடு, அதைச் சுற்றி மரத்துப்போன தோல். அழுதேன். அவர் எதுவும் பேசவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அழுது முடித்ததும் பஞ்சு வைத்த மெல்லிய செயற்கை மார்பு ஒன்றைக் கொடுத்து, உள்ளாடைக்குள் எப்படி வைப்பது என்று காட்டினார். புண் நன்றாக ஆறிய பிறகு கனமான சிலிகான் ஒன்றுக்கு அளவெடுத்தார்கள். கனம் ஏன் முக்கியம் என்றால், ஒரு பக்கம் எடை இல்லாவிட்டால் தோள் சரிந்து கழுத்து வலிக்க ஆரம்பிக்கும்.

கீமோவைப் பற்றி ஒன்றே ஒன்று. ஆரம்பிக்கும் அன்றே சிஸ்டர் ஒரு அட்டை கொடுத்தார். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் (செல்சியஸில் 38) எந்த நேரமானாலும் உடனே எமர்ஜென்சிக்கு வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. முதல் கீமோ முடிந்து ஒன்பதாம் நாள் ராத்திரி 101 அடித்தது. என் கணவர் பாரசிட்டமால் எடுத்து வந்துவிட்டார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்ததும் கிளம்பினோம். வெள்ளை அணுக்கள் தரைமட்டத்தில் இருந்தன. போன ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். பாரசிட்டமால் போட்டிருந்தால் காய்ச்சல் இறங்கியிருக்கும், கிருமி உள்ளே பெருகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதனால் ராத்திரிக் காய்ச்சலுக்கு மட்டும் சிஸ்டரின் ஃபோனுக்காகக் காத்திருக்காதீர்கள், நேராகப் போய்விடுங்கள்.

ஆனால் எனக்கு அவர் மிகவும் தேவைப்பட்டது இதெல்லாம் முடிந்த பிறகுதான். கடைசி ரேடியேஷன் அன்று எல்லோரும் வாழ்த்தினார்கள். முடி முளைக்க ஆரம்பித்தது. ஹார்மோனைத் தடுக்கும் டாமாக்ஸிஃபென் மாத்திரை தினமும் ஒன்று, அவ்வளவுதான். எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். நான் மட்டும் பகலெல்லாம் உடம்பு திடீர் திடீரென்று கொதித்து வேர்ப்பதும், ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பதுமாக இருந்தேன். ‘பிழைத்து வந்தவள் இதற்கெல்லாமா புலம்புவது’ என்று வெளியே சொல்லவில்லை. ஒரு நாள் மாத்திரையை நிறுத்தினேன். உடம்பு நிம்மதியானது. நிறுத்தியதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாசம் கழித்து சிஸ்டர் வழக்கம்போலக் கூப்பிட்டார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்டது, “கையில இப்போ எத்தனை மாத்திரை அட்டை பாக்கி இருக்குங்க?” என்று. பதில் சொல்ல வாய் வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. “நிறைய பேர் நிறுத்துறாங்க, நீங்க மட்டும் இல்ல. வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்றார். தூக்கமில்லை, படபடப்பு என்று வேறொரு டாக்டரிடம் போய் வாங்கிய பாராக்ஸெடின் பெயரைச் சொன்னேன். பேச்சு ஒரு நொடி நின்றது. டாமாக்ஸிஃபென் கல்லீரலில் வேறொரு பொருளாக மாறினால்தான் முழுதாக வேலை செய்யும். அந்த மாற்றத்தைப் பாராக்ஸெடின் தடுக்கும். அதாவது ஒழுங்காகச் சாப்பிட்ட மாசங்களிலும் எனக்கு முழுப் பலன் கிடைத்திருக்காது. எந்த மாத்திரையையும் அவராக மாற்றவில்லை, அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. அதே வாரம் கீமோ டாக்டரைப் பார்க்க வைத்தார். பாராக்ஸெடினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டு, வென்லாஃபாக்ஸின் கொடுத்தார்கள். அது படபடப்புக்கும் ஆகும், உடம்புக் கொதிப்பையும் குறைக்கும். டாமாக்ஸிஃபெனை மறுபடி தொடங்கினேன். இன்றைக்கும் சாப்பிடுகிறேன், பத்து வருஷக் கணக்கில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

பின்னாளில் ஒரு பழைய ஆய்வைப் படித்தேன். பிரிட்டனில் மார்பை எடுத்த பெண்களை இரண்டு பிரிவாக்கி, 75 பேருக்கு ஒரு சிறப்பு நர்ஸைக் கொடுத்திருக்கிறார்கள், 77 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 1980இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது. நர்ஸின் ஆறுதல் பேச்சால் மனநோய் வராமல் தடுக்க முடியவில்லை என்றுதான் முதலில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் விடாமல் கவனித்து வந்ததால், மனநல உதவி தேவைப்பட்டவர்களில் 76 சதவீதம் பேரை அவர் கண்டுபிடித்து டாக்டரிடம் அனுப்பிவிட்டார். மற்றப் பிரிவில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 15 சதவீதம்தான். ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் பார்த்தபோது மனநோயோடு இருந்தவர்கள் நர்ஸ் இருந்த பக்கம் 12 சதவீதம், இல்லாத பக்கம் 39. இதைப் படித்தபோது எனக்கு அந்த மாத்திரை அட்டைதான் ஞாபகம் வந்தது. இந்த நர்ஸை ஆறுதல் சொல்வதற்காக வைத்த ஆள் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அவர் வேலையே நாம் சொல்லாததைக் கண்டுபிடிப்பது.

கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கிளென் மெக்ராத்தைத் தெரிந்திருக்கும். அவர் மனைவி ஜேனுக்கு இந்த நோய் வந்தது. இருவரும் 2005இல் ஆஸ்திரேலியாவில் ஒரு அறக்கட்டளை தொடங்கி, இப்படிப்பட்ட நர்ஸ்களை ஊர் ஊராக நியமிக்க ஆரம்பித்தார்கள். ஜேன் 2008இல் இறந்துவிட்டார். ஒவ்வொரு வருஷமும் சிட்னி டெஸ்டில் மைதானமே இளஞ்சிவப்பாக மாறுவது அந்த நர்ஸ்களுக்குப் பணம் திரட்டத்தான். கணவனும் மனைவியும் அந்த நோயின் நடுவிலிருந்துகொண்டு நர்ஸ்தான் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள், அதை யோசித்துப் பாருங்கள்.

உங்களிடம் ஒரு கணவராக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிஸ்டரைப் பார்க்கப் போகும்போது கூடப் போங்கள், ஆனால் பாதி நேரம் வெளியே வந்து உட்காருங்கள். பிறப்புறுப்பு வறண்டு போவது, தாம்பத்தியத்தில் வலி, உங்களுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம், இதையெல்லாம் உங்களை வைத்துக்கொண்டு உங்கள் மனைவி பேச மாட்டார். நானும் பேசவில்லை. நீங்களும் ஒரு நாள் சிஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள். என் கணவர் அவரிடம் அழுதிருக்கிறார் என்று எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் போகும் மருத்துவமனையில் இப்படி ஒருவர் இல்லாவிட்டால், கீமோ கொடுக்கும் வார்டில் அனுபவமுள்ள சிஸ்டர் யாரென்று விசாரியுங்கள். சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, ராத்திரியில் எந்த எண் என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கோபித்துக்கொள்வாரோ என்று கேட்டீர்களே. நானும் முதல் மாசம் ஒவ்வொரு தடவையும் “தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்” என்றுதான் ஆரம்பிப்பேன். ஒரு நாள் அவர் சொன்னார், “நீங்க கூப்பிடாத வாரம்தான் எனக்குக் கவலையா இருக்கும்.”