இருபத்தேழு டாலரின் பலம்

கேள்வி: அமெரிக்கத் தேர்தலில் கோடிக்கணக்கான டாலர்கள் செலவாகும்போது, சாதாரண மக்கள் தரும் பத்து, இருபது டாலர் நன்கொடையால் வேட்பாளருக்கு உண்மையிலேயே பயன் உண்டா? – ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: நிச்சயமாக உண்டு. 2016 அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சிப் போட்டியில், பெருஞ்செல்வர்களை நாடாமல் களமிறங்கிய பெர்னி சாண்டர்ஸ், தமக்கு வரும் நன்கொடையின் சராசரி 27 டாலர் என்று மேடைதோறும் பெருமையுடன் சொல்லிவந்தார். பிப்ரவரி 9 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் உட்கட்சி வாக்கெடுப்பில் வென்ற இரவில், நன்றியுரையின் நடுவிலேயே, பத்து, இருபது, ஐம்பது டாலர் என இயன்றதை இணையம் வழியே அனுப்புமாறு அவர் மக்களைக் கேட்டுக்கொண்டார். மறுநாளுக்குள் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது.

இதன் சூட்சுமம் சட்டத்தில் இருக்கிறது. அந்த ஆண்டில் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 2,700 டாலர் வரை மட்டுமே நேரடியாகக் கொடுக்கலாம் என்பதால், முழுத் தொகையையும் ஒரே காசோலையில் தந்துவிட்ட செல்வந்தரிடம் அந்தத் தேர்தலுக்காக மறுபடியும் போய் நிற்க முடியாது. ஆனால் 27 டாலர் தந்த ஆசிரியையிடமோ செவிலியரிடமோ அடுத்த மாதமும் கேட்கலாம். கொடுத்தவர் பெரும்பாலும் வாக்களிக்கவும், அண்டை வீட்டாரிடம் ஆதரவு திரட்டவும் முன்வருவார் என்பதை நான் பணத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆயினும், 2010 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளரைச் சாராமல் இயங்கும் குழுக்களுக்கு வரம்பின்றிப் பணம் தர வழி பிறந்துவிட்டது. சாண்டர்ஸும் அம்முறை ஹிலாரி கிளிண்டனிடம் வேட்பாளர் வாய்ப்பை இழந்தார்.