பிளஸ் டூ முடிக்கும் மகளைக் கல்லூரிக்குத் தயார்படுத்துவது எப்படி?

கேள்வி: தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ கணிதப் பிரிவு படிக்கிறாள். நன்றாகப் படிப்பாள், ஆனால் கூச்ச சுபாவம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் ஆள் அவள்தான். இன்ஜினியரிங் கிடைத்தால் சேர்ப்போம், இல்லாவிட்டால் பி.எஸ்சி. போன இடத்தில் தடுமாறாமல் இருக்க இப்போதே என்ன செய்யலாம்?

பதில்: நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே முதல் செமஸ்டரில் அரியர் வைப்பதுண்டு. பாடம் கடினம் என்பது பாதிக் காரணம்தான். பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ், வாரத் தேர்வு, வராவிட்டால் வீட்டுக்கு போன் என்று யாராவது பின்னாலேயே நிற்கிறார்கள். கல்லூரியில் அப்படி யாரும் நிற்க மாட்டார்கள். ஆகவே தன் வேலையைத் தானே பார்க்கும் பழக்கம் உங்கள் மகளுக்கு இந்தச் சில மாதங்களில் வந்துவிட வேண்டும்.

சான்றிதழ் வேலையிலேயே இதைத் தொடங்கலாம். பெரும்பாலான வீடுகளில் அப்பா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு ஓடுவார். இந்த முறை மகள் முன்னால் போகட்டும், நீங்கள் துணைக்குப் போங்கள். வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று இரண்டுக்கும் அவளே விண்ணப்பிக்கட்டும். ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்திவிடுவது நல்லது. அப்புறம், அவள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அதில்தான் வரும். கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். முன்பு திருமண உதவியாகக் கொடுத்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தைத்தான் 2022-இல் இப்படிப் படிப்புக்கு மாற்றினார்கள். பிளஸ் டூ முடிந்ததும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வழக்கம் இன்னும் விடாத நம் மாவட்டத்துக்கு இதைவிட நல்ல மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

பணத்துக்குப் பயந்து இன்ஜினியரிங்கைக் கைவிட வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

கவுன்சலிங் ஆன்லைனில்தான் நடக்கும். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு முதலில் என்று கொடுக்கும் வரிசைதான் அங்கே இடத்தை முடிவு செய்கிறது. அந்த வரிசையை பிரௌசிங் சென்டர்காரரிடம் விடாதீர்கள். தர்மபுரி பக்கம் செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியா, கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியா என்று மகளே விசாரித்து ஒரு தாளில் எழுதி எடுத்துப்போகட்டும். பர்கூர் என்றால் விடுதியில்தான் தங்க வேண்டியிருக்கும், அதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் வீட்டில் எப்போதும் இருக்கிற போன் நம்பரையே கொடுங்கள், ஓடிபி அதில்தான் வரும். இதோடு தர்மபுரி அரசு கலைக் கல்லூரி, காரிமங்கலம் அரசு மகளிர் கல்லூரிக்கும் விண்ணப்பித்து வையுங்கள். இன்ஜினியரிங் முடிவு தெரியட்டும் என்று காத்திருந்தால் பி.எஸ்சி இடங்கள் நிரம்பிவிடும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் முதலில் திணறுவது ஆங்கிலத்தில்தான். இதற்குத் தனியாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பிளஸ் டூ பாடநூல்கள் ஆங்கில வழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் படித்து முடித்த இயற்பியல் பாடத்தையே மறுபடி ஆங்கிலப் புத்தகத்தில் படிக்கட்டும். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் பயம் வராது, மின்தேக்கிதான் கப்பாசிட்டர் என்று தானாகப் பிடிபட்டுவிடும். பொதுத்தேர்வு வரை வாரம் ஒரு பாடம் போதும், தேர்வு முடிந்த விடுமுறையில் தினமும் படிக்கலாம்.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாரத்துக்கு ஒரு சந்தேகத்தையாவது ஆசிரியர் அறைக்குத் தனியாகப் போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். வங்கிச் சலானை அவளே நிரப்பட்டும், தர்மபுரிக்கு ஒருமுறை தனியாக பஸ்ஸில் போய்வரட்டும்.

கல்லூரியில் மார்க் முதல் மாதமே தொடங்கிவிடுகிறது என்பதையும் சொல்லி வையுங்கள். பெரியார் பல்கலைக்கழகக் கலைக் கல்லூரிகளில் தியரி பாடத்துக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியே செமஸ்டர் நடுவில் போடும் மார்க் மட்டும் நூற்றுக்கு 25. இன்ஜினியரிங்கில் அதைவிட அதிகம். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். கடைசி மூன்று மாதம் மட்டும் உட்கார்ந்து படிக்கும் பிளஸ் டூ பழக்கம் அங்கே எடுபடாது.

முதல் இன்டர்னலில் மார்க் குறைந்து, டிசி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று போனில் அழுதால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பாட ஆசிரியரைப் போய்ப் பார்த்தாயா என்று முதலில் கேளுங்கள். ஒரு செமஸ்டர் முடியும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.