பாக்கெட்ல போன் இருந்தாலே டிக்கெட் காசு கட்டிடலாமா?

கேள்வி: சார், மெட்ரோ கேட்ல இப்போ போனைத் தட்டிட்டுதான் போறேன். இனிமே போனை வெளிய எடுக்கவே வேணாம், சும்மா நடந்து போனாலே காசு கழிஞ்சிடும், அதுக்கான சிப் ஏற்கனவே போன்லயே இருக்குனு என் தம்பி சொல்றான். உண்மையா?

பதில்: தம்பி சொல்றது பாதி உண்மை. அவர் சொல்றது அல்ட்ரா வைட்பேண்ட், சுருக்கமா யூ.டபிள்யூ.பி. 2019ல வந்த ஐபோன் 11லயே இந்த சிப் இருந்துச்சு, அப்புறம் சாம்சங், கூகுள் எல்லாம் விலை ஜாஸ்தியான மாடல்கள்ல போட ஆரம்பிச்சாங்க. இப்போ நீங்க தட்டுறது என்.எஃப்.சி., அது சில சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும், அதனாலதான் தட்டியே ஆகணும். யூ.டபிள்யூ.பி. வேற கதை. போனும் கேட்டும் ரொம்பக் குட்டி ரேடியோ துடிப்புகளை, ஒவ்வொண்ணும் சுமாரா 2 நானோசெகண்ட்தான், மாத்தி மாத்தி அனுப்பி, போய் வர எவ்வளவு நேரம் ஆச்சுனு பார்த்து தூரத்தைக் கணக்குப் போடும். ஒரு நானோசெகண்ட்ல ரேடியோ அலை 30 செ.மீ. ஓடிடும், அதுலயும் ஒரு பங்கை அளந்தாத்தான் 10 செ.மீ. அளவுக்கு துல்லியம் கிடைக்கும், அந்த வேலையைத்தான் இந்த சிப் செய்யுது. புளூடூத்தும் கூடவே இருக்கும், கேட் பக்கத்துல வந்தாச்சுனு போனை எழுப்பிவிட்டு பாதுகாப்பான கனெக்‌ஷன் போடுறது அதோட வேலை. புளூடூத்தை மட்டும் நம்பி சிக்னல் பலத்தை வச்சு தூரம் பார்த்தா, போன் பைக்குள்ள இருக்குறப்பவே சிக்னல் கொறஞ்சு, பக்கத்துல நிக்குற ஆளையே தூரத்துல நிக்குறார்னு நினைச்சுக்கும்.

கேள்வி: அப்போ நான் கேட் ஓரமா யாரையாவது வழியனுப்ப நின்னாலும் காசு போயிடுமா? பக்கத்து லைன்ல போறவருக்கு நான் கட்டுற மாதிரி ஆயிடாதா?

பதில்: இதான் கேள்வி! அளக்குறது கூட பெரிய விஷயமில்ல, இவர் உள்ள போக வந்தாரா இல்ல சும்மா நிக்குறாரானு மெஷினுக்கு எப்படித் தெரியும்? தட்டுறப்போ அந்தத் தட்டுறதே "கழிச்சுக்கோ"னு நாம சொல்ற சம்மதம், தட்டலைனா அந்த சம்மதத்தை நாம நடக்குறதை வச்சு மெஷினே ஊகிக்கணும். அதனால ஒரு ஆன்டெனா பத்தாது, கேட்டைச் சுத்தி நாலஞ்சு வச்சு போன் எந்த லைன்ல, எந்தப் பக்கமா நகருதுனு தொடர்ந்து பார்க்கணும். கிட்ட வந்ததும் கதவைத் திறந்துட்டு, கோட்டைத் தாண்டின அப்புறம்தான் காசைக் கழிக்கணும், திரும்பிப் போனா விட்டுடணும். என் கணக்குல இதுதான் நியாயமான முறை.

கேட்க சுலபமா இருக்கு, ஆனா கூட்டத்துல சிக்கல். நம்ம உடம்புல பெரும்பகுதி தண்ணிதான், யூ.டபிள்யூ.பி. வேலை செய்யுற 6.5, 8 கிகாஹெர்ட்ஸ் அலைகளை அது நல்லாவே உறிஞ்சிடும். போன் பின்பாக்கெட்ல இருந்து ஆன்டெனா முன்னாடி இருந்துச்சுனா நேர் வழி துடிப்பு செத்துப்போயி, பக்கத்து இரும்புத் தடுப்புல பட்டு சுத்தி வந்த துடிப்பைத்தான் கேட் பிடிக்கும், தூரம் கூடுதலா காட்டும். திறந்த மைதானத்துல 10 செ.மீ. காட்டுற அதே சிப் இங்க தடுமாறும், ஒரு ஆள் போற அளவு லைன்ல அந்தத் தடுமாற்றம் போதும் பக்கத்து லைன்ல இருக்கறதா நினைக்க. ஒட்டிக்கிட்டு ரெண்டு பேர் நுழைஞ்சு ஒருத்தர்கிட்ட போனே இல்லைனா? அதுக்கு தனியா சென்சாரோ கேமராவோ வச்சு தலைகளை எண்ணணும்.

கேள்வி: பாக்கெட்ல இருக்குற போன்ல இருந்து திருடன் தூரத்துல இருந்தே காசு இழுத்துட மாட்டானா?

பதில்: இதுல யூ.டபிள்யூ.பி. என்.எஃப்.சி.யை விட ஒரு படி மேல. ஒருத்தன் உங்க போன் சிக்னலைப் பிடிச்சு வேற ஊர்ல இருக்குற கேட்டுக்கு அனுப்பினா அதுக்கு கூடுதல் நேரம் ஆகும், ஒளியை முந்திக்கிட்டு எதுவும் போக முடியாது, அதனால நீங்க தூரத்துல இருக்குற மாதிரிதான் தெரியும். துடிப்பு சீக்கிரமே வந்துட்ட மாதிரி ஏமாத்தாம இருக்கவும் 2020ல யூ.டபிள்யூ.பி.க்குனு வந்த 802.15.4இசட்ங்கிற ஸ்டாண்டர்ட்ல ஊகிக்க முடியாத ரகசிய வரிசை ஒண்ணு சேர்த்தாங்க. இருந்தாலும் 2022ல ஆராய்ச்சியாளர்கள் சில முயற்சிகள்ல தூரத்தைக் கொறைச்சுக் காட்டிட்டாங்க, எல்லா தடவையும் பலிக்கலை. அசைக்கவே முடியாதுனு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கேள்வி: சார்ஜ் தீர்ந்துட்டா?

பதில்: அம்போதான். ஐபோன்ல லாக்கைத் திறக்காமலே தட்டிப் போக விடுற எக்ஸ்பிரஸ் மோட் போட்டு வச்சிருந்தா சார்ஜ் தீர்ந்த அப்புறமும் சில மாடல்கள்ல 5 மணி நேரம் வரை தட்டிப் போகலாம், ஆனா அது என்.எஃப்.சி.யால நடக்குறது. அதனால தட்டுற வட்டம் கேட்ல இருந்து போகப்போறதில்லை.

கேள்வி: எங்கயாவது இப்படி ஓடுதா?

பதில்: தென்கொரியாவுல சியோல்ல ஊய்-சின்சோல் மெட்ரோ லைன்ல 2023ல இருந்தே தட்டாம போகலாம், ஆனா அது புளூடூத். ஜப்பான்ல 2001ல கேட்ல தட்டிப் போற சூய்கா கார்டு கொண்டு வந்த ஜே.ஆர். ஈஸ்ட் ரயில் கம்பெனி, தட்டாம நடந்து போற கேட்டை வரும் பத்து வருஷத்துக்குள்ள கொண்டு வரணும்னு 2024 கடைசியில சொல்லியிருக்கு. இத்தனை வருஷம் கேட் நடத்துறவங்களே பத்து வருஷம் கேக்குறாங்கனா பார்த்துக்கோங்க. கைல குழந்தை, ரெண்டு பை, இல்ல வீல்சேர்ல வர்றவங்களுக்கு இது நிஜமாவே பெரிய உதவி, அவங்க போற அகலமான கேட்டுல முதல்ல போட்டா போதும்ங்கிறது என் ஆசை.

கேள்வி: பஸ்லயும் வருமா?

பதில்: பஸ் இன்னும் கஷ்டம். கேட் கிடையாது, வாசல்ல தொங்கிட்டு வர்றவர் ஏறினாரா இறங்கினாரா? ஸ்டாப்ல இறங்கி வழி விட்டுட்டு திரும்ப ஏறுறவருக்கு ரெண்டு டிக்கெட் விழக்கூடாது. ஏறினா ஒரே கட்டணம்ங்கிற பஸ்னா சமாளிக்கலாம், தூரத்துக்கு ஏத்த கட்டணம்னா இப்போதைக்கு தட்டிட்டே போங்க.