காரில் துப்பாக்கி: அமெரிக்க வாசகர்களின் சட்டச் சந்தேகங்கள்

கேள்வி: எச்1பி விசாவில் டல்லாஸில் வேலை பார்க்கிறேன். டெக்சாஸில் இப்போது லைசென்ஸ் இல்லாமலே குண்டு போட்ட கைத்துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொள்ளலாமாமே. நானும் ஒன்று வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாதவருக்கே அது பொருந்தும். எச்1பி வேலை விசா, அதில் வருபவரின் குடும்பத்துக்கான எச்4, நிறுவன மாற்றலுக்கான எல்1, மாணவர்களுக்கான எஃப்1 விசாக்காரர்கள் துப்பாக்கியோ ஒற்றைத் தோட்டாவோ வைத்திருந்தாலே கூட்டாட்சிக் குற்றம். 15 ஆண்டு வரை சிறை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குமுன் வழக்கறிஞரைப் பாருங்கள். நண்பரின் காரை இரவல் வாங்கி ஓட்டுகிறீர்கள், டேஷ்போர்டு பெட்டியில் அவருடைய துப்பாக்கி இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றால், அது உங்கள் வசம் இருந்ததாகவே வழக்குப் போட முடியும். கிரீன் கார்டு வந்தால் இந்த விசாத் தடை விலகும். அப்போதும் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்த அது ஒன்றே போதும்.

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன், குடியுரிமை உண்டு. காரில் எங்கே வைப்பது? காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் நான்தான்.

பதில்: வெளியே தெரிகிறபடி இருந்தால் உறைக்குள் இருக்க வேண்டும். கண்ணில் படாமல் வைத்தால் உறை கட்டாயமில்லை. பள்ளிதான் சிக்கல். பள்ளி வளாகத்தைச் சுற்றி 1,000 அடிக்குள், அதாவது சுமார் 305 மீட்டருக்குள், கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியைத் தடுக்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. இல்லையென்றால் குண்டுகளை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில் வைத்திருக்க வேண்டும். ‘லைசென்ஸ்தான் தேவையில்லையே’ என்று விட்டுவிட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. டெக்சாஸ் இன்றும் லைசென்ஸ் கொடுக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் பென்சில்வேனியா லைசென்ஸ் இருக்கிறது. நியூஜெர்சி எடிசனில் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது கைத்துப்பாக்கியை எடுத்துப் போகலாமா?

பதில்: வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நியூஜெர்சி எந்த வெளிமாநில லைசென்ஸையும் ஏற்பதில்லை. அங்கே அனுமதியில்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. அதில் முதல் 42 மாதம் பரோலும் கிடையாது.

‘வழிப்போக்கர்களுக்குக் கூட்டாட்சிப் பாதுகாப்பு உண்டே’ என்பார்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அது. துப்பாக்கியைச் சட்டப்படி கையோடு கொண்டு செல்லக்கூடிய ஓர் இடத்திலிருந்து அதே உரிமையுள்ள இன்னோர் இடத்துக்குப் போகும்போது, இடையில் கடக்கும் மாநிலத்துக்கு மட்டுமே அது உதவும். அதற்கும் துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டக்கூடாது; டிக்கியில் வைத்தால் சரி. நம்மவர்கள் விரும்பி வாங்கும் மினிவேனில் தனி டிக்கி கிடையாது. அதில் பூட்டிய பெட்டி வேண்டும். டேஷ்போர்டு பெட்டியும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது.

வழியில் தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. 2005-இல் யூட்டாக்காரர் ஒருவர் நியூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். துப்பாக்கி இருந்த பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு ஓட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் அவரே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார், கைதானார். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டாலும், கைது தவறு என்று அவர் தொடுத்த வழக்கு 2010-இல் மேல்முறையீட்டில் தோற்றது. ஓட்டலில் பெட்டி கைக்கு எட்டும்படி இருந்ததே காரணம்.

உங்கள் பென்சில்வேனியாவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த லைசென்ஸ் கைத்துப்பாக்கிக்குத்தான். குண்டு போட்ட ரைஃபிளையோ ஷாட்கன்னையோ காரில் கொண்டுபோக அது உதவாது. தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் மேகசினைக் கழற்றிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். தோட்டா நிரப்பிய மேகசின், துப்பாக்கி இருக்கும் பெட்டியின் அதே அறையில் கிடந்தால், சட்டத்தின் கண்ணில் அது குண்டு போட்ட துப்பாக்கிதான். மேகசினுக்குத் தனி அறை வேண்டும்.

கேள்வி: டொரான்டோவில் கல்யாணம். நயாகரா வழியாகக் காரில் போகிறோம். டிக்கியில் பூட்டி வைத்தால் போதுமா?

பதில்: போதாது. கனடா எல்லையில் துப்பாக்கி உண்டா என்று கேட்பார்கள்; மறைத்தால் பறிமுதலும் வழக்கும் வரும். பாலம் ஏறுமுன் நினைவு வந்து திரும்பினாலும், நிற்கும் மண் நியூயார்க். அங்கேயும் வெளிமாநில லைசென்ஸ் செல்லாது.